சாம்பல் பெட்டிக்குச் சொன்ன ‘நைன்’

அம்புமுனை ஒன்றைக் கையில் எடுத்தால் புஷ்பராணி முதலில் அதன் கூரைப் பார்க்கமாட்டார். மூட்டுகளை எண்ணுவார். அலகு வேறு, உடல் வேறு, இரண்டையும் பிடிக்கும் திருகாணி வேறு என்று நாலு துண்டைச் சேர்த்துச் செய்த முனை என்றால் மேசையில் திருப்பி வைத்துவிடுவார். ஒவ்வொரு மூட்டும் உடைவதற்கு ஓர் இடம் என்பது அவருடைய எண்ணம். பறக்கும்போது மடிந்திருந்து, படும்போது விரியும் அலகுகளை அவர் தொட்டும் பார்க்கமாட்டார். திறக்கவேண்டியது ஒருநாள் திறக்காமலும் விடும். ஒரே உருக்குத் துண்டில் செய்த, அசையாத அலகுள்ள முனை, முதுகு தடித்தது, நுனி ஊசிபோல் மெலியாமல் உளிபோல் முடிவது. அப்படி ஒன்று கையில் வந்தால்தான் அடுத்தது கூர்.

கூரைப் பார்க்க ஒரு சின்ன மரச்சட்டம் வைத்திருந்தார். அதில் ரப்பர் வளையம் ஒன்றை இழுத்து மாட்டி, அலகை அதன் மேல் வைப்பார். அழுத்தமாட்டார். அலகின் பாரத்திலேயே வளையம் அறுந்தால் கூர் போதும். “அழுத்தினா மொட்டைக் கத்தியும் வெட்டும்” என்பார். பிறகு முனையை ஓர் அம்புத்தண்டில் பூட்டி, நுனியை நகத்தில் நிறுத்திப் பம்பரம்போல் சுழற்றுவார். ஆடினால் கழிவு. கடைசியாக, ஒவ்வொரு பெட்டியிலும் மூன்றை எடுத்து, பட்டறையின் பின்சுவரில் இருந்த தகரம் அறைந்த பலகைக்கு விசைவில்லால் எய்து பார்ப்பார். அதற்கு அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான். வளைந்தால் மன்னிக்கலாம். உடைந்தால் மன்னிக்கேலாது.

சோலிங்கன் நகரில், ஆற்றுக்கு இறங்கும் சரிவில் இருந்த அந்தப் பட்டறையில் ஏழு பேர் வேலை செய்தார்கள். உரிமையாளர் ஹல்பாஹ். சமையல் கத்தி செய்பவர்கள் நிறைந்த ஊரில் அவர் வேட்டைக்கான அம்புமுனை மட்டும் செய்தார். ஜேர்மனியில் மானையும் பன்றியையும் அம்பால் எய்வது சட்டப்படி தடை. ஆனால் முனை செய்வதற்குத் தடை இல்லை, வாங்குவதற்கும் இல்லை. வாங்கியவர்கள் வாகனத்தில் வில்லை வைத்துக்கொண்டு ஹங்கேரிக்கோ டென்மார்க்குக்கோ போனார்கள். ஒரு நாட்டின் மனச்சாட்சி எல்லைக்கோட்டில் முடிந்துபோவது புதிய விசயம் அல்ல.

புஷ்பராணி இந்த நாட்டுக்கு வந்தது தொண்ணூற்றைந்தில், இருபத்து நாலு வயதில். அகதி முகாம், சலவைக்கூடம், கொலோனில் ஓர் உணவகத்தின் பின்கட்டு, பிறகு கட்டடங்கள் துப்புரவாக்கும் வேலை. கணவர் சோதிலிங்கம் சோலிங்கனில் மின்கம்பியில் ஓடும் பஸ்சுக்குச் சாரதியானதும் குடும்பம் அங்கே வந்தது. ஹல்பாஹின் பட்டறைக்கு அவர் போனது தரை கூட்டத்தான். ஒருநாள் மேசையைத் துடைக்கும்போது ஒரு முனை உருண்டது. சுவரில் விழுந்த அதன் நிழல் துள்ளித் துள்ளிப் போனதைக் கண்டார். “இது வளைவு” என்றார். ஹல்பாஹ் சிரித்தபடி அளந்து பார்த்தார். மயிரிழை அளவு வளைவு. அதே பெட்டியில் இன்னும் பதினொன்று. அடுத்த மாதம் துடைப்பக்கட்டையை வேறொருவர் வாங்கினார், புஷ்பராணி யன்னலோரக் கடைசி மேசையில் இருந்தார்.

கொலோன் தமிழ்ச் சங்கத்தில் இதைக் கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. உயிரைக் கொல்லும் ஆயுதத்தைக் கையால் தொட்டுப் பிழைக்கிறாள், பாவம் சேரும் என்றார்கள். சொன்னவர்கள் அன்றைக்கு ஆட்டிறைச்சிக் கறியோடு இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அந்த ஆடு எந்தக் கத்தியில், எத்தனை நிமிடத்தில் செத்தது என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. புஷ்பராணி கேட்டார். வெள்ளி, செவ்வாய் மச்சம் மாமிசம் தொடாத அந்த மனிசி, ஒரு மான் அம்பு பட்டு எவ்வளவு நேரத்தில் விழும் என்று ஹல்பாஹிடம் கேட்டார். நல்ல கூர் சரியான இடத்தில் பட்டால் பத்துப் பதினைந்து விநாடி, மான் தனக்கு என்ன நடந்தது என்று அறியமுதலே விழுந்துவிடும் என்றார் அவர். மொட்டை அலகு என்றால் மணித்தியாலக் கணக்கு. உடைந்தது என்றால் நாள் கணக்கு. அன்று முதல் அந்த மேசை அவருக்கு விளங்கிவிட்டது. வேட்டை நடக்கத்தான் போகிறது. அது பதினைந்து விநாடியா மூன்று நாளா என்பது தன் கையில் இருக்கிறது. பாவ புண்ணியம் பேசுகிறவர்களைவிட அவர் அந்த மிருகத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

சனிக்கிழமைகளில் பட்டறை வாசலில் நேரடி விற்பனை இருந்தது. வேட்டைக்காரர்கள் வந்து ஹல்பாஹிடம் எது நல்லது என்று கேட்பார்கள். அவர் யன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார். “ஃப்ராவ் ராணி என்ன சொல்கிறார்?” என்பது அங்கே ஒரு பகிடியாகத் தொடங்கி, பிறகு பகிடி இல்லாமல் போன வாக்கியம். ஓய்வுபெற்ற மிருகவைத்தியர் ரீமான் என்பவர் அந்த மேசைக்கு நேரே வந்துவிடுவார். பெரிய செம்மான் எய்கிறவர். தோள் எலும்பில் பட்டாலும் தாங்குமா என்று ஒருமுறை கேட்டார். தாங்கும் என்றார் புஷ்பராணி. எலும்பில் படாமல் எய்யப் பழகினால் இன்னும் நல்லது என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தக் கிழவர் சிரித்துவிட்டு அதே முனையில் ஒரு பைக்கற் வாங்கிப்போனார்.

இவ்வளவுக்கும் ஒப்பந்தக் கடதாசியில் அவர் ஹில்ஃப்ஸ்கிராஃப்ட். கையாள். ஆறு வருடமாகக் கையாள். அதனால் வந்த வினை ஒன்று உண்டு. பரிசோதனைப் படிவத்தில் எத்தனை முனை பார்த்தேன் என்று எண்ணை மட்டும்தான் அவர் எழுதலாம். சரி, பிழை என்று எழுத இடம் இல்லை. கீழே ஒரே கையொப்பம், அது ஹல்பாஹினுடையது. கழித்த பெட்டியில் ஒட்டும் சிவப்புச் சீட்டு அவருடைய அறை லாச்சியில் இருந்தது. புஷ்பராணி ஒரு பெட்டியைக் கழித்தால் தன் மேசைக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில் தள்ளி வைப்பார். பிறகு வாயால் சொல்வார். அதுதான் முறை. தீர்ப்புச் சொல்ல அவர் வேண்டும், தீர்ப்பு எழுத அவர் வேண்டாம்.

வாயால் சொல்வதில்தான் அவருக்கு ஒரு பழைய சிக்கல் இருந்தது.

எங்கள் பேச்சில் “நீ வரேல்லையோ?” என்று ஒருவர் கேட்டால், வருகிறவர் “இல்லை, வாறன்” என்பார். வராதவர் “ஓம், வரேல்லை” என்பார். கேட்டவரின் நினைப்புச் சரியா பிழையா என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு விசயத்தைச் சொல்லும் ஒழுங்கு. ஜேர்மன்காரர் அப்படி இல்லை. வரவில்லையா என்று கேட்டதற்கு ‘நைன்’, அதாவது ‘இல்லை’, என்றால், வரவில்லை என்றுதான் அர்த்தம். வருகிறேன் என்று மறுத்துச் சொல்ல அவர்களிடம் தனியாக ஒரு சொல் இருக்கிறது. டொஹ். அந்த ஒற்றைச் சொல் புஷ்பராணியின் வாயில் ஒருநாளும் தானாக வந்ததில்லை.

அவருடைய மகள் ஆரணிக்கு எட்டு வயதாக இருந்தபோது நடந்தது ஒன்று. வகுப்புச் சுற்றுலாவுக்கு முதல்நாள் ஆசிரியை தொலைபேசி எடுத்து, அப்போ ஆரணி வரவில்லையா என்று கேட்டார். “நைன்” என்றார் தாய். இல்லை, வருகிறாள் என்று சொன்னதாக அவர் நினைத்தார். ஆசிரியை நன்றி சொல்லிப் பெயரை வெட்டினார். அடுத்தநாள் காலை சாப்பாட்டுப் பெட்டியும் தொப்பியுமாக ஆரணி பள்ளிக்கூட வாசலில் நின்றாள். பஸ் போய் அரை மணித்தியாலம். இப்போது கொலோனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து அங்கேயே வேலை செய்யும் ஆரணி, வீட்டில் தாய் எதற்காவது ‘நைன்’ சொன்னால், “அம்மா, பஸ் போட்டுது” என்பாள். வீடு சிரிக்கும். புஷ்பராணியும் சிரிப்பார். அந்தச் சொல்லைப் பழகுவதற்கு மட்டும் நேரம் ஒதுக்கவில்லை. இருபது வருடம் இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முந்திய ஓகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஹங்கேரியில் செம்மான்கள் கூடும் காலம் செப்டெம்பர். வியாபாரிகள் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். உருக்கைச் செஞ்சூட்டில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கண்ணாடிபோல் ஆகிவிடும். திரும்பவும் போறணையில் இரண்டு மணித்தியாலம் மெல்லிய சூட்டில் வைத்தால்தான் அந்த நொய்மை போகும். புஷ்பராணி அதை இரண்டாம் சூடு என்பார். அன்று இரண்டாம் சூட்டின் நடுவில் போறணையின் பியூஸ் போயிற்று. முன்பும் இரண்டு தரம் போனதுதான். மின்வேலைக்காரரைக் கூப்பிடுவது தள்ளிக்கொண்டே வந்தது. யாரும் கவனிக்காமல் தட்டுகளை எடுத்துத் தீட்டி, நூற்று நாற்பத்து நாலு முனைகளைச் சாம்பல் நிறப் பெட்டியில் போட்டுக் கடைசி மேசைக்கு அனுப்பினார்கள்.

ரப்பர் வளையம் பட்டுப்போல் அறுந்தது. கூரில் குறை இல்லை. நகத்தில் நிறுத்திச் சுழற்றினால் ஆடவில்லை. ஆனால் அரத்தை வைத்து இழுத்தபோது அது கடிக்காமல் வழுக்கியது. உருக்கு அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது என்று புஷ்பராணிக்கு விளங்கியது. மூன்றை எடுத்துப் பலகைக்கு எய்தார். முதலாவது தாங்கியது. இரண்டாவதன் நுனி தெறித்தது. மூன்றாவது பாதியில் முறிந்தது. முறிந்த முகத்தில் வளைவு ஒன்றும் இல்லை, கிளாஸ் உடைந்த மாதிரிச் சுத்தம். துண்டுகளைத் தன் தகரத் தட்டில் போட்டார். பெட்டியை மேசைக்குக் கீழே தள்ளினார்.

இரண்டே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. ஹல்பாஹ் வெளியே, வாகனத்தில். பக்கத்தில் அரைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்டது இதுதான்.

“ஃப்ராவ் ராணி, சாம்பல் பெட்டியில் பழுது ஒன்றும் இல்லைத்தானே?”

“நைன்,” என்றார் புஷ்பராணி.

இல்லை, நீங்கள் நினைப்பது பிழை, பழுது இருக்கிறது என்று தொடங்கும் எங்கள் ‘இல்லை’ அது. அடுத்த வசனத்துக்கு மூச்செடுத்தார். மறுபக்கத்தில் “அருமை” என்று ஒரு குரல், பிறகு இணைப்பு இல்லை. அருமை என்ற சொல் அவர் காதில் விழவில்லை, இயந்திரச் சத்தம். விழுந்திருந்தால் திரும்ப எடுத்திருப்பேன் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். மூன்று மணிக்கு அவருடைய வேலை நேரம் முடிந்தது. பஸ் ஏறினார்.

புதன் காலை மேசைக்குக் கீழே பெட்டி இல்லை. போறணை சூடாக இருந்தது. ஹல்பாஹ் தன் சொல்லைக் கேட்டு மறுபடி இரண்டாம் சூட்டுக்கு வைத்துவிட்டார் என்று நினைத்தார். அப்படி முன்பு நடந்ததுண்டு. அந்தத் தட்டுகள் வெள்ளிக்கிழமைதான் அவருடைய மேசைக்கு வந்தன. இருந்தவை வேறு முனைகள்.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவார். தொலைபேசி பிழை இலக்கணம். வெள்ளிக்கிழமை இலக்கணம் அல்ல. ஹல்பாஹ் நாலடி தூரத்தில் நின்றார். சாம்பல் பெட்டி எங்கே என்று கேட்க நாலு சொல் போதும், அந்த நாலு சொல்லும் அவருக்குத் தெரியும். கேட்கவில்லை. திங்கட்கிழமை அவருக்கு ஒரு ட்டெர்மின் இருந்தது. கையாள் என்பதை மாற்றிப் பரிசோதகர் என்று ஒப்பந்தம் எழுதுவது பற்றிப் பேச, ஆறு வருடத்துக்குப் பிறகு கிடைத்த நேரம். அதற்கு முன்னால் ஒரு கரைச்சலைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க அவர் விரும்பவில்லை. பெட்டியை வேறெங்காவது வைத்திருப்பார்கள், திங்கள் பேச்சு முடியட்டும், பிறகு கேட்கலாம். திங்கள் பேச்சு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. கேள்வியும் அதோடு தள்ளிப்போனது.

செப்டெம்பர் இருபத்திரண்டாம் திகதி ரீமானின் கடிதம் வந்தது. மூன்று பக்கம், கையெழுத்தில். கூடவே ஒரு சிறு பொட்டலம். ஹல்பாஹ் அதை எல்லோருக்கும் முன்னால் வாசித்தார். ஆண் செம்மான் ஒன்று, பதினொரு வயதளவு. இருபது மீற்றர் தூரம். எய்த கணத்தில் அது திரும்பியதால் அம்பு தோள் எலும்பில் பட்டது, அது என்னுடைய பிழை என்று அந்த மனிதர் எழுதியிருந்தார். நல்ல முனை எலும்பைப் பிளந்து உள்ளே போயிருக்கும். இது தெறித்துவிட்டது. நாயை வைத்து இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் நாணற் சேற்றுக்குள் கண்டபோது அது உயிரோடு நின்றது. படுக்க முடியாமல் நின்றது. துவக்கால் முடித்தார்கள். நாற்பது வருடம் மிருகங்களுக்கு வைத்தியம் பார்த்தவன் நான், அப்படியான கண்ணை இதுவரை பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார். கடைசி வரி புஷ்பராணிக்கு. “நான் உங்கள் கடையை நம்பவில்லை, யன்னலோர மேசையை நம்பினேன்.”

பொட்டலத்தில் முறிந்த அலகு இருந்தது. முறிந்த முகம் சுத்தமாக இருந்தது. புஷ்பராணியின் தட்டில் கிடந்த துண்டுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. ஹல்பாஹ் தான் கேட்டதைச் சொன்னார், புஷ்பராணி தான் சொன்னதைச் சொன்னார். இருவரும் பொய் சொல்லவில்லை. சாம்பல் பெட்டியில் சோதனைக்குப் போன மூன்று போக நூற்று நாற்பத்தொன்று. மூன்று மூன்றாக நாற்பத்தேழு பைக்கற். எல்லாம் வியாபாரிகள் வழியாகப் போய்விட்டன, ரீமானுடையதும் உட்பட. மான்கள் கூடும் காலம் இன்னும் முடியவில்லை.

புஷ்பராணி அன்று கேட்டது ஒன்றே ஒன்று. ரீமானுடையது போக மற்ற நாற்பத்தாறு பைக்கற்றையும் திரும்ப எடுங்கோ. செய்வோம், செய்வோம் என்றார் ஹல்பாஹ். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கடதாசி.

அடுத்தநாளே அந்தக் கடதாசி தயாரானது. ஊழியருக்குப் போதிய ஜேர்மன் அறிவு இல்லாததால் தொலைபேசியில் தவறான தகவல் தந்தார், அதனால் ஒரு பெட்டி வெளியே போயிற்று என்று நாலு வரி. பியூஸ் பற்றி ஒரு சொல் இல்லை. படிவத்தில் சரி பிழை எழுத இடம் இல்லை என்பது பற்றி இல்லை. பெட்டியைக் கழித்தவரே அவர்தான் என்பது பற்றியும் இல்லை. ஆறு வருடம் ஒரு கையொப்பத்துக்கும் தகுதி இல்லாமல் இருந்தவருக்கு, முதற்கையொப்பம் போடும் உரிமை குற்றத்துக்குத்தான் கிடைத்தது.

அன்று பின்னேரமே புஷ்பராணி அதன் படத்தை ஆரணிக்கு அனுப்பினார். அவள் உடனே எடுத்தாள்.

“அம்மா, இதிலை கையெழுத்து வைக்காதேங்கோ. திருப்பி எடுக்கிறம் எண்டு முதல்லை எழுதச் சொல்லுங்கோ.”

“அவர் சொன்னவர் பிள்ளை, எடுக்கிறன் எண்டு.”

“சொன்னதுக்கு என்ன அம்மா? நீங்களும்தானே சொன்னனீங்கள்.”

சோதிலிங்கம் பக்கத்தில் இருந்து, வேலை போனால் பரவாயில்லை, நான் பஸ்ஸை இரண்டு தரம் ஓடுறன் என்று பகிடி விட்டுப் பார்த்தார். எடுபடவில்லை.

அடுத்தநாள் ஹல்பாஹ் தன் அறையில் கதிரை இழுத்துப் போட்டு, கோப்பியும் வைத்தார். கெட்ட மனிதர் அல்ல. கெட்ட மனிதர்களால் மட்டும் அநியாயம் நடந்தால் அதை ஒழிப்பது எவ்வளவு லேசு. கடதாசியைத் திருப்பி வைத்து, பேனையை நீட்டி, மெதுவாகக் கேட்டார்.

“இதில் உங்களுக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லைத்தானே, ஃப்ராவ் ராணி?”

அதே அமைப்பு. அதே ‘இல்லைத்தானே’. இந்தமுறை புஷ்பராணிக்குத் தெரியும். இரண்டு இரவாக அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்திருந்தார். டொஹ் என்றால், உண்டு, எனக்கு ஆட்சேபம் உண்டு. ஓர் அசை அளவுச் சொல். நாக்கு நுனியில் வந்து நின்றது என்கிறார். மான் சேற்றுக்குள் நின்றதும் நினைவுக்கு வந்தது. மொழி தெரியாதவள் என்று எழுதியிருப்பது பொய்யா என்ன, என்றும் தோன்றியது. தன்னால் செத்தது என்று நம்புகிறவருக்குத் தன் பக்கம் வாதாட வாய் வராது. அநியாயம் செய்கிறவர்கள் எப்போதும் நம்பியிருப்பது அந்த நல்ல மனத்தைத்தான்.

“நைன்,” என்றார்.

அன்றைக்கு இலக்கணம் சரி. இந்த நாட்டில் ஒரு மறுப்புக் கேள்விக்கு அவர் பிழையில்லாமல் சொன்ன முதல் நைன் அது. வாழ்க்கையில் சொன்ன மிகப் பிழையான பதிலும் அதுதான். கையொப்பம் வைத்தார்.

ரீமானுக்குப் பதில் போயிற்று. ஊழியரின் மொழிக் குறைபாட்டால் ஏற்பட்ட தனிச் சம்பவம், வருந்துகிறோம், ஒரு புதிய பைக்கற் இணைத்துள்ளோம். வியாபாரிகளுக்கு ஒரு கடிதமும் போகவில்லை. புஷ்பராணி ஒவ்வொரு நாளும் மீட்பு அலுமாரியைத் திறந்து பார்த்தார். திரும்பி வரும் பொருட்களை வைக்கும் அலுமாரி அது. ஒக்டோபர் முழுக்க அது வெறுமையாக இருந்தது. இரண்டு முறை கேட்டார். நடக்கிறது, தபால் மெதுவாகத்தான் வரும் என்றார்கள். மூன்றாம் முறை, கடிதத்தின் பிரதியைக் காட்டுங்கோ என்றார். ஹல்பாஹ் அவரைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார். புஷ்பராணிக்கு விளங்கிவிட்டது.

நவம்பர் ஏழாம் திகதி அவர் ரீமானுக்குத் தானே எழுதினார். ஆரணி எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டார். பிழையும் வெட்டுமாக ஒன்றரைப் பக்கம். பியூஸ், பலகை, தொலைபேசி, வெள்ளிக்கிழமை, கையொப்பம். ஒன்றையும் விடவில்லை, தன்னையும் விடவில்லை. உங்கள் முனை தனிச் சம்பவமா என்றால் அல்ல, டொஹ், இன்னும் நாற்பத்தாறு பைக்கற் வெளியே இருக்கிறது என்று எழுதினார். அந்தச் சொல் அந்த இடத்தில் இலக்கணப்படி சரியாகப் பொருந்தாது என்றாள் ஆரணி. இருக்கட்டும் என்றார். தகரத் தட்டில் இருந்த இரண்டு உடைந்த முனைகளையும் கடதாசியில் சுற்றிக் கூட வைத்தார்.

கிழவர் சும்மா இருக்கவில்லை. வில் வேட்டைக்காரர்களின் சங்க மடலில் பெட்டி இலக்கத்தோடு அறிவித்தல் போட்டார், தனக்குத் தெரிந்தவர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தார். முனைகள் வரத் தொடங்கின. ஹல்பாஹ் வேறு வழியில்லாமல் வியாபாரிகளுக்கும் எழுதினார். நம்பிக்கை முறிந்துவிட்டது என்று காரணம் எழுதிப் புஷ்பராணியை நிறுத்தினார். தொழில் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று ஆரணி வாதாடினாள். நாலு வரிக் கடதாசி எதிரே இருந்தது. ஆறு கிழமைக்கு முன்னர் வைக்காமல் விட்டிருக்கவேண்டிய கையொப்பத்தை நீதிமன்றத்தில் போய் அழிக்கேலாது என்றார் தாய். அந்த இடத்தில் அவர் பிழையாக இருக்கலாம். போயிருக்கவேண்டும் என்பது என் எண்ணம். தோற்றிருந்தாலும் படிவத்தில் இடம் இல்லை என்பது எங்காவது ஒரு பதிவேட்டில் ஏறியிருக்கும்.

நாற்பத்தேழில் முப்பத்தொன்று திரும்பி வந்தன. ரீமானுடையதும் அதில் சேர்த்தி. அநேகமானவை ஒன்றிரண்டு முனை குறைந்து வந்தன. காணாமற்போனவை பலகையில் உடைந்தனவா, காட்டில் விழுந்தனவா, வேறெங்காவது தங்கினவா என்று ஒருவரும் எழுதவில்லை. பதினாறு பைக்கற் வரவே இல்லை. செப்டெம்பர் இருபத்து நாலாம் திகதி அந்தக் கடதாசிக்கு ‘டொஹ்’ என்றிருந்தால், அந்தச் செம்மான் காலத்தின் கடைசிக் கிழமைகளாவது தப்பியிருக்கும். ஆறு கிழமை. அவர் அதைத் தலையெழுத்து என்று சொல்லவில்லை, சொல்லவந்தவர்களையும் விடவில்லை. சங்கத்தில் ஒரு அக்கா, நடக்கவேண்டியது நடந்தது என்று ஆறுதல் சொன்னபோது, “நடக்கவேண்டியது நடக்கேல்லை அக்கா. நான் செய்யவேண்டியதை நான் செய்யேல்லை” என்றார். அந்த அக்கா தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

இப்போது அவர் ஒரு வைத்தியசாலையின் சமையற்கூடத்தில் மரக்கறி வெட்டுகிறார். அங்குள்ள கத்திகள் எல்லாம் மொட்டை, அழுத்தி வெட்டவேண்டியிருக்கிறது என்று குறை சொல்வார். வீட்டில் சோதிலிங்கம், “நீர் இன்னும் சாப்பிடேல்லையோ?” என்று கேட்டால் “டொஹ்” என்பார். தமிழ்க் கேள்விக்கு ஜேர்மன் பதில். முதல் கொஞ்ச நாள் கணவர் சிரித்தார். இப்போது சிரிப்பதில்லை.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது. நாற்பத்தேழு கட்டம். முப்பத்தொன்றில் புள்ளடி.

இந்த வருடம் பெப்ரவரியில் ஹங்கேரி முத்திரையோடு ஒரு சிறு பொதி, ரீமான் வழியாக, அவர் பெயருக்கு வந்தது. சாம்பல் பெட்டி இலக்கம். உள்ளே இரண்டு முனைகள். மூன்றாவதற்கான குழி வெறுமை. ஒரு துண்டுக் கடதாசியில் ‘நன்றி’ என்று மட்டும், கீழே ஒரு பெயரும் முகவரியும்.

புஷ்பராணி குசினி மேசையில் இருந்து ஒன்றை எடுத்து நகத்தில் நிறுத்திச் சுழற்றினார். ஆடவில்லை. லாச்சியில் ஒரு ரப்பர் வளையம் தேடி, இரண்டு விரலுக்கு இடையில் இழுத்து, அலகை அதன் மேல் வைத்தார். பாரத்திலேயே அறுந்தது. மூன்று வருடமாகியும் கூர் அப்படியே இருந்தது. கூரில் ஒருநாளும் குறை இருந்ததில்லை.

எழும்பிப் போய் முப்பத்திரண்டாவது கட்டத்தில் புள்ளடி போடப் பேனையை எடுத்தார். போடவில்லை. திரும்பி வந்து இருந்து, அந்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டே வரி. முனைகள் கிடைத்தன. மூன்றாவது எங்கே?

இன்னும் பதில் வரவில்லை. அந்தக் கட்டம் வெறுமையாகத்தான் இருக்கிறது.